பூர்வீக வீட்டில் காண்டாமிருகக் கொம்பு கிடைத்தால்: செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு கைக்குறிப்பு

பங்காளிகள் கூடிப் பேசி, பூட்டிக் கிடக்கும் வீட்டை ஒழித்துவிடுவது என்று முடிவானதும் சாமான் அறைகளைத்தான் முதலில் திறப்பார்கள். சுவீடன் இனாமல் தூக்கு, பர்மா அரக்குக் கூடை, மரவை, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக முற்றத்துக்கு வரும். இவற்றைப் பங்கு பிரிக்கலாம், விற்கலாம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வண்டியில் ஏற்றி அனுப்பலாம். அதே அறையிலிருந்து யானைத் தந்தமோ, புலிநகம் கோத்த சங்கிலியோ, எங்கோ ஒரு வீட்டில் காண்டாமிருகக் கொம்போ வந்தால் கணக்கே வேறு. அதற்கு விலை கேட்டு ஒரு போன் போட்டாலே குற்றத்தின் வாசலில் கால் வைத்தாயிற்று.

இந்தக் குறிப்பு காண்டாமிருகக் கொம்பை வைத்து எழுதியது. தந்தத்துக்கும் புலிநகத்துக்கும் நடைமுறை பெரும்பாலும் இதேதான்.

இங்கே எப்படி வந்திருக்க முடியும்

கடல் கடந்து தொழில் செய்ய, அதாவது கொண்டுவிற்கப் போனவர்கள் ரங்கூன், மோல்மேன், பினாங்கு, மேடான், சைகோன் என்று கடை வைத்த காலத்தில், அந்தக் காடுகளில் காண்டாமிருகம் இருந்தது. இரண்டு கொம்புள்ள சுமத்ரா இனமும், ஒற்றைக் கொம்புள்ள ஜாவா இனமும் பர்மாவிலிருந்து மலாயா வரை பரவியிருந்தன. இன்று ஜாவா இனம் ஜாவாத் தீவின் உஜுங் குலோன் காட்டில் மட்டும்தான். வியட்நாமின் கடைசி ஜாவா காண்டாமிருகம் 2010-இல் காட் தியென் தேசியப் பூங்காவில் செத்துக் கிடந்தது. காலில் குண்டு, கொம்பைக் காணோம். மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. சுமத்ராவில் எஞ்சியிருப்பது ஐம்பதுக்கும் குறைவு என்பதே இப்போதைய மதிப்பீடு.

ஆகவே "அப்பத்தாவோட ஐயா பர்மாவிலேர்ந்து கொண்டாந்தது" என்ற பேச்சு உண்மையாகவும் இருக்கலாம். கடத்தல்காரனுக்கு வேண்டியதும் அந்த வாய்ப்புதான். போன மாதம் அசாமிலோ ஆப்பிரிக்காவிலோ சுட்டு வெட்டிய கொம்புக்கு ஒரு பழைய வீடு, ஒரு பர்மா கதை, எண்ணெய் தடவிக் கறுப்பாக்கிய மேற்பரப்பு, இவை மூன்றும் சேர்ந்தால் பழம்பொருள் வேஷம் போட்டுவிடலாம். நிஜமான பழைய கொம்பு ஒன்று சந்தையில் கைமாறினால் புதிய கொம்பு பத்துக்கு அது சாட்சியாகி நிற்கும். வீட்டில் கிடந்த செத்த பொருளை விற்பதால் எந்த மிருகத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கதையை ஆய்வகம் உடைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். டி.என்.ஏ. சோதனையில் இனம் தெரியும். பர்மாவிலிருந்து வந்ததாகச் சொன்ன கொம்பு ஆப்பிரிக்க வெள்ளைக் காண்டாமிருகத்தினுடையது என்று வந்தால் அங்கேயே கதை முடிந்தது. அந்த இனம் ஆசியக் காட்டில் வாழ்ந்ததே கிடையாது. இந்தியக் காண்டாமிருகங்களுக்கென்று ரோடிஸ் என்ற டி.என்.ஏ. திட்டம் டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனத்தில் நடக்கிறது. கார்பன் சோதனைக்கு அனுப்பினால், 1950-களின் அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் வளர்ந்த கொம்பா பின் வளர்ந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

சட்டத்தில் உங்களுக்கு வேண்டிய பகுதி

1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தியக் காண்டாமிருகம், அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. மற்ற இனங்கள் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலின் வழியே சட்டத்துக்குள் வருகின்றன. கொம்பைக் கண்ணால் பார்த்து இனத்தைப் பிரிக்க முடியாது என்பதால், எந்தக் கொம்பானாலும் முதல் அட்டவணைப் பொருளாகவே நடத்துங்கள்.

முதல் அட்டவணைப் பொருளில் குற்றம் நிரூபணமானால் தண்டனை 3 வருடத்துக்குக் குறையாமல் 7 வருடம் வரை சிறை. அதனோடு அபராதம், 2022 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 25,000 ரூபாய். விற்றால் மட்டும் அல்ல, விற்பதாகச் சொன்னாலும், அனுமதியில்லாமல் கையில் வைத்திருந்தாலும், வண்டியில் எடுத்துப்போனாலும் குற்றமே. நம்மவர்கள் அதிகம் கவனிக்காத பிரிவு 57. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், அது முறைகேடாக வைத்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில்.

இரண்டு கெடுக்கள் உண்டு. பிரிவு 39-இன்படி, அரசுச் சொத்தாகக் கருதப்படும் வனஉயிரினப் பொருள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். பிரிவு 40-இன்படி, வாரிசு வழியில் வந்தவர் 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். பழைய பொருளுக்கு எது பொருந்தும், 90 நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்கும் என்று வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதிடலாம். நீங்கள் அந்த வாதத்துக்குள் போகாமல் 48 மணி நேரத்தையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எழுத்தில் கொடுத்துவிட்டால் மற்றக் கெடுவுக்கும் அவகாசம் இருக்கும்.

உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒரு முறை தேடுங்கள். சட்டம் வந்த புதிதில் அறிவிப்புக் கொடுத்துச் சிலர் வாங்கியிருப்பார்கள். 2003 ஏப்ரலில் தொடங்கி 180 நாளுக்கு இன்னொரு வாய்ப்பும் தரப்பட்டது. இரும்புப்பெட்டியில் பத்திரங்களோடு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, தலைமை வனஉயிரினக் காப்பாளர் கையெழுத்திட்ட தாள் இருந்தால் அதுதான். அந்தத் தாள் வைத்துக்கொள்ள மட்டுமே அனுமதி, விற்க அல்ல. வைத்துக்கொள்ளவும் விருப்பம் இல்லையென்றால் 7 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அரசிடம் ஒப்படைக்க 2022 திருத்தம் வழி செய்திருக்கிறது. ஈட்டுத்தொகை கிடையாது.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள், தொல்பொருள், அதனால் விலக்கு உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொல்பொருள் சட்டம் தனி, இது தனி. பழமை இந்தச் சட்டத்தில் விலக்கு ஆகாது.

கொம்புதானா என்று பார்ப்பது

நீங்கள் நிபுணர் ஆக வேண்டியதில்லை. "சந்தேகப்படும்படி இருக்கிறது" என்று எழுதும் அளவுக்குத் தெரிந்தால் போதும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு பாருங்கள். பாடம் செய்து மாட்டிய பழைய மிருகப் பொருள்களில் பூச்சிக்காக ஆர்செனிக் தடவும் வழக்கம் இருந்தது. அது இன்றும் விஷமே. பிள்ளைகள் கையில் எடுத்து விளையாட விடாதீர்கள்.

முதலில் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். மாட்டுக் கொம்பும் எருமைக் கொம்பும் உள்ளே எலும்புக் குருத்து இருந்த கூடு. ஆகவே அடியிலிருந்து பெரும்பகுதி குழலாக இருக்கும், நுனிப் பக்கம் மட்டும் கெட்டி. காண்டாமிருகக் கொம்பில் எலும்பு கிடையாது. அடி முதல் நுனி வரை கெட்டி. அடியில் தட்டுப்போல ஆழமில்லாத குழிவு, அதில் பொடிப் பொடியாகப் புள்ளிக் குழிகள். ஓரத்தில் நார் பிரிந்து, வெள்ளையடித்துத் தேய்ந்துபோன மட்டையின் முனை மாதிரி சிலும்பி நிற்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் உடைந்த இடத்திலோ அறுத்த முகத்திலோ வைத்துப் பாருங்கள். நெருக்கி அடுக்கிய மயிரிழைகளின் குறுக்குவெட்டு போல, ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த புள்ளிகள் நிறைந்து தெரியும். எருமைக் கொம்பில் புள்ளி இருக்காது, ஏடு ஏடாகப் படிந்த கோடுகள்தான் இருக்கும்.

மான்கொம்பு எலும்பு. அறுத்தால் நடுவில் கடற்பஞ்சு போன்ற துளைகள், அடியில் முடிச்சுமுடிச்சான வளையம். தந்தத்தின் அறுத்த முகத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைவுக் கோடுகள் வலைபோலத் தெரியும். மூங்கில் வேரிலும் மரத்திலும் செய்த போலிகள் நார் ஓடும் திசையிலேயே மாட்டிக்கொள்ளும். பிசினில் வார்த்ததில் காற்றுக் குமிழோ அச்சு சேர்ந்த கோடோ இருக்கும்.

அளவும் கொஞ்சம் உதவும். இந்தியக் காண்டாமிருகக் கொம்பு பெரும்பாலும் 25 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். எடை ஒரு கிலோவுக்குள். சுமத்ரா இனத்தின் முன்கொம்பு அதைவிடச் சிறியதாகவே இருக்கும், பின்கொம்பு வெறும் முண்டு. இந்த நீளத்தை வெகுவாகத் தாண்டி, நாலு கிலோ எடை காட்டினால் ஆப்பிரிக்க வெள்ளைக் காண்டாமிருகத்தை நினைக்க வேண்டும். அப்போது பர்மா கதையையும் மறுபடி யோசிக்க வேண்டும். முழுக் கொம்பாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. சீன வேலைப்பாட்டுக் கிண்ணம், கைத்தடிப் பிடி, கத்திப் பிடி, மணி, காகிதத்தில் மடித்த தூள் என்று பல வடிவில் உலகெங்கும் பிடிபட்டிருக்கிறது.

சுரண்டிப் பார்ப்பது, ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பது, நெருப்பில் காட்டி முடி கருகும் வாடை வருகிறதா என்று முகர்வது, இவற்றில் எதுவும் வேண்டாம். கொம்பு, நகம், முடி மூன்றும் கெரட்டின். எருமைக் கொம்பைச் சுட்டாலும் அதே வாடைதான் வரும். சோதனையால் தெரிவது ஒன்றும் இல்லை. ஆனால் சுரண்டிய தடம், "தூள் எடுத்து விற்றிருக்கிறார்கள்" என்ற கேள்விக்கு வழி திறந்துவிடும். நல்லெண்ணெய் தடவித் துடைத்து மினுக்குவதும் இதே வகைத் தப்பு.

நிபுணர்களுக்கே போலி சட்டென்று பிடிபடாது. அசாம் அரசு 2021 செப்டம்பர் 22 அன்று போகாகாட்டில் 2,479 கொம்புகளைச் சூளையில் எரித்தது. அதற்கு முன் கருவூலங்களில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்து, டி.என்.ஏ.வுக்கு மாதிரி எடுத்துப் பார்த்தபோது 21 போலிகள் வெளியே வந்தன. அரசுக் கருவூலத்துக்குள்ளேயே போலி புகுந்திருக்கும்போது, உங்கள் வீட்டுப் பொருள் போலியாக இருந்தாலும் தகவல் கொடுத்ததில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதல் நாள்

கண்ட இடத்திலேயே பொருளை விடுங்கள். அறையைப் பூட்ட முடிந்தால் பூட்டிச் சாவியை ஒருவரே வைத்திருங்கள். பூட்ட முடியாத இடம் என்றால் வெள்ளைப் பருத்தித் துணியிலோ மை படாத காகிதத்திலோ சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, அதே வீட்டின் இரும்புப்பெட்டிக்கு மாற்றலாம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஏற்கெனவே வண்டு அரித்த ஓட்டைகள் இருந்தால் உதிர்ந்த தூளையும் துடைத்து எறியாமல் அப்படியே சேர்த்து வையுங்கள்.

பொருளுக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து நான்கு பக்கமும் அடியும் படம் எடுங்கள். எடுத்ததைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். முதல் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் ஆர்வத்தில் இன்னொரு குழுவுக்குத் தள்ளுவார், இரண்டு நாளில் முன்பின் தெரியாத ஒருவர் "ஐட்டம் இருக்காமே" என்று கூப்பிடுவார். வேலை செய்யும் ஆட்கள் படம் எடுத்திருந்தால் காரணத்தைச் சொல்லி, யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் தேதி, நேரம், எந்தக் கட்டில் எந்த அறை, எந்தப் பெட்டகம், எதோடு சேர்ந்து இருந்தது, யார் கண்டார், கூட யார் இருந்தார்கள் என்று எழுதி, இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு தாள்களைத் தேடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய பேரேடு, ஐந்தொகை, கல்யாணச் சாமான் சிட்டை எதிலாவது இந்தப் பொருள் பதிவாகியிருந்தால் உங்கள் பேச்சுக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. நம் ஆச்சிமார் ஊறுகாய் ஜாடிவரை சிட்டையில் எழுதி வைத்தவர்கள், இங்கே அது கைகொடுக்கும். பழைய குடும்பப் படத்தில் பட்டாலைச் சுவரில் அந்தப் பொருள் தெரிந்தாலும் எடுத்து வையுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளை மறந்துவிடாதீர்கள். உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், கண்டெடுப்பது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஆளாகத்தான் இருக்கும். சட்டம் பார்ப்பது யார் வசம் இருந்தது என்பதை. "உங்க வீட்டுல பத்திரமா வச்சிருங்கண்ணே, நான் வந்து பாத்துக்குறேன்" என்று போனில் சொல்லிவிட்டால், மாட்டுவது அவர். கடிதத்தில் அவர் பெயரை, உரிமையாளரின் சொல்படி வீட்டை ஒழுங்குபடுத்தியபோது கண்டவர் என்று தெளிவாக எழுதுங்கள்.

பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்கட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். பதினாறு பங்கு உள்ள வீட்டில் பதினாறு கையெழுத்து வாங்குவதற்குள் கெடு முடிந்துபோகும். கண்டவரோ, ஊரில் இருக்கும் ஒரு பங்காளியோ தனியாகவே தகவல் கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கடித நகலை அனுப்பினால் போதும்.

பயந்துபோய் ஊரணியில் எறிவது, குப்பையோடு எரிப்பது, கொல்லையில் புதைப்பது மூன்றும் நிலைமையை மோசமாக்கும். அரசுச் சொத்தை அழிப்பதும் சேதப்படுத்துவதும் தனிக் குற்றம்.

எங்கே, எப்படிக் கொடுப்பது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் என்றால் சிவகங்கை மாவட்ட வன அலுவலர். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு பக்கம் என்றால் புதுக்கோட்டை மாவட்ட வன அலுவலர். உள்ளூர் வனச்சரக அலுவலகத்துக்கு நகல். விடுமுறை நாளாக இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள்; பிறகு வனத்துறைக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பலாம்.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, ……… வட்டம், ……… கிராமம், ……… தெரு, கதவு எண் ………-இல் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, ……… தேதி ……… மணியளவில், ……… அறையில் காண்டாமிருகக் கொம்பு எனச் சந்தேகிக்கும்படியான பொருள் ஒன்று இருப்பது தெரியவந்தது. முதலில் கண்டவர் ………. அப்பொருள் எங்கள் குடும்பத்துக்கு எப்போது, எவ்வாறு வந்தது என்பது பற்றி எங்களுக்குத் தெரிந்தது: ……… / எங்களுக்குத் தெரியாது. உடைமைச் சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லை. பொருளை வெட்டவோ, சுரண்டவோ, விற்பனைக்குப் பேசவோ இல்லை. அது அதே வீட்டில் பூட்டிவைக்கப்பட்டுள்ளது. தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு, சட்டப்படி பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். புகைப்படங்கள் இணைப்பு."

தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். "1935-இல் ரங்கூனில் வாங்கியது" என்று உத்தேசமாக ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டு, சோதனையில் வேறு வந்தால், அந்த ஒரு வரி உங்கள் மற்ற எல்லா வரியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். கொடுப்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. அதற்காக நாளைக் கடத்த வேண்டாம்.

பொருளை நீங்களே எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகாதீர்கள். வழியில் வாகனச் சோதனையில் பையிலிருந்து கொம்பு வெளிவந்தால், "ஒப்படைக்கத்தான் போகிறேன்" என்பதைக் காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது. கடிதம் போகட்டும், அவர்கள் வரட்டும்.

வரும்போது மகசர், அதாவது கைப்பற்றிய பொருளின் விவரப் பதிவு எழுதுவார்கள். எடை கிராம் கணக்கில், வெளிவளைவு நீளம், அடிச்சுற்றளவு, நிறம், விரிசல் அல்லது வண்டு அரித்த இடம், எத்தனை துண்டு ஆகியவை அதில் வந்திருக்கின்றனவா என்று நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். "கொம்பு ஒன்று" என்று மட்டும் எழுதி எடுத்துச் செல்ல விட்டுவிட்டால், பின்னால் ஆய்வகத்துக்குப் போன துண்டு உங்கள் வீட்டிலிருந்து போனதுதானா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்து, முடிச்சின் மேல் சாட்சிகள் கையெழுத்திட்ட சீட்டு ஒட்டியதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மகசர் நகல் வாங்காமல் அனுப்பாதீர்கள். அதன்பின் மாதிரி டேராடூன் நிறுவனத்துக்கோ, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி மையத்தின் லாகோன்ஸ் என்ற ஆய்வகத்துக்கோ போகும். முடிவு வர நாளாகும். நடுவில் கூப்பிட்டு விசாரித்தால் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டையோ சாமானையோ மொத்தமாக விற்பவர்களுக்கு

சாமான் அறையை "உள்ளது உள்ளபடி" என்று மொத்த விலைக்குப் பேசி விற்பது இங்கே சகஜம். அப்படிச் செய்தால் உள்ளே என்ன இருந்தது என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பிடிபடும்போது இருவரும் ஒருவரையொருவர் காட்டுவார்கள். பேசி முடிப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டகத்தையும் திறந்து பட்டியல் போடுங்கள். விற்பனைச் சீட்டில், தந்தம், கொம்பு, நகம், தோல் உள்ளிட்ட வனஉயிரினப் பொருள் எதுவும் இந்த விற்பனையில் சேரவில்லை, பின்னால் கண்டால் விற்றவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். வீடு இடிக்கும் ஒப்பந்தத்துக்கும் இதே வரி. நியாயமான பழைய சாமான் வியாபாரி இதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். சுளிப்பவரிடம் விற்காதீர்கள்.

வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருப்பவர்கள் சுவர் அலங்காரத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் முகப்பைப் படம் எடுத்து இணையத்தில் போடுகிறார். மான்தலையோ தந்தமோ அதில் விழுந்தால் அது ஊரறிந்த ஆதாரம். சான்றிதழ் இருந்தால் நகல் கைவசம் இருக்கட்டும், இல்லையென்றால் மேலே சொன்ன வழிதான்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

சைகோன் தண்டாயுதபாணி கோயிலுக்கும் பினாங்கு தைப்பூசத்துக்கும் குடும்பமாகப் போய் வருகிறோம். வியட்நாமும் சீனாவும்தான் இன்று கொம்பு அதிகம் போய்ச் சேரும் நாடுகள். காய்ச்சலுக்கு, புற்றுநோய்க்கு, குடித்த மப்பு தெளிய என்று தூளாக்கி விற்கிறார்கள். வளையல், மணி என்றும் வரும். நகத்தைத் தேய்த்துக் குடிப்பதில் எவ்வளவு மருந்து இருக்கிறதோ அவ்வளவுதான் இதிலும். சீனா 1993-லேயே கொம்பு வியாபாரத்தைத் தடைசெய்தது. வியட்நாமில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் 15 வருடம் வரை சிறை உண்டு. தெரிந்தவர் "ஒரு சின்னப் பொட்டலம், மருந்து" என்று கொடுத்தனுப்பினால் திறந்து காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வாங்காதீர்கள். 2022 அக்டோபரில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் 20 கொம்புகள், 34.7 கிலோ, ஒரே பயணியின் பெட்டியில் சிக்கின. காட்டிக்கொடுத்தது மோப்ப நாய்.

புரோக்கர் கூப்பிட்டால்

கொம்பின் சந்தை விலையை இங்கே எழுதப்போவதில்லை. பத்திரிகைகள் கோடிக்கணக்கில் எழுதும் விலைதான் பாதிப் பேரை இந்தப் பக்கம் இழுக்கிறது.

வழக்கமாக நடப்பது இது. ஒருவர் வீடு வந்து பழைய மரச்சாமான் பார்ப்பார். போகும்போது "கொம்பு, கிம்பு ஏதாச்சும் இருக்கா, வெளிநாட்டுப் பார்ட்டி ஒண்ணு இருக்கு" என்பார். இல்லையென்றால் தலைகீழாக, தன்னிடம் கொம்பு இருப்பதாகவும் நீங்கள் கொஞ்சம் பணம் போட்டால் பார்ட்டியிடம் பத்து மடங்காக மாற்றலாம் என்றும் சொல்வார். இரிடியம், ரைஸ் புல்லிங், மண்ணுளிப் பாம்பு என்று பணம் பறிக்கும் கூட்டத்தின் அதே உத்தி. கொம்பு எருமையினுடையதாக இருக்கும், போன பணத்துக்குப் புகார் கொடுக்க நீங்கள் ஸ்டேஷன் படி ஏற முடியாது.

நிஜக் கொம்பு என்றால் விஷயம் இன்னும் பெரிது. அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவில் 2022 கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள். அங்கே வெட்டிய கொம்பு திமாப்பூர் வழியாக மணிப்பூரின் மோரே எல்லையைத் தாண்டிப் பர்மாவுக்குள் போய், அங்கிருந்து சீனா போவது பலமுறை வெளிப்பட்ட பாதை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய ஊர் என்று நாம் அறிந்த அதே மோரே. கொம்பை அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும் என்பதற்காகவே மிருகத்தைக் கொல்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து அடிக்கு மேலே அறுத்தால் அது மறுபடி வளரும். தென்னாப்பிரிக்காவில் பாதுகாவலர்களே அப்படி அறுத்துவிடுகிறார்கள். அங்கே 2014-இல் 1,215 காண்டாமிருகங்கள் கள்ள வேட்டையில் போயின, 2024-இல் 420.

எனவே வந்தவரிடம் பேரம் பேசி, வரவழைத்துப் பிடித்துக் கொடுக்கலாம் என்று துப்பறியும் வேலையில் இறங்காதீர்கள். பேரம் பேசியது உங்களுக்கு எதிராகவே திரும்பலாம், ஆபத்தும் உண்டு. முன்பணம் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. "எங்களிடம் இல்லை" என்று முடித்துவிட்டு, அவர் போனதும் எழுதுங்கள்: கூப்பிட்ட எண், வந்த தேதியும் நேரமும், வண்டி எண், வண்டியின் நிறம், உடன் வந்தவர்கள், யார் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார், சொன்ன வார்த்தைகள் சொன்னபடி. வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தால் எண் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். எண்ணைத் தடை செய்யாதீர்கள், உரையாடலையும் அழிக்காதீர்கள்.

இதையெல்லாம் மாவட்ட வன அலுவலரிடமோ, வனஉயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்திடமோ சொல்லலாம். பணியகத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணமில்லா எண் 1800-11-9334. பெயர் வெளியே தெரியக் கூடாது என்றால் பேச ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். வெகுமதிக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்றாலும் அதை எதிர்பார்த்து இறங்க வேண்டாம். அதே புரோக்கர் மறுபடி கூப்பிட்டால் எடுக்காமல், கூப்பிட்ட நேரத்தை மட்டும் குறித்து, நீங்கள் முன்பு பேசிய அதே அலுவலருக்குத் தெரியப்படுத்துங்கள்.